வெயிலில் காயப்போட்ட கால்

முப்பத்து நாலு வருஷம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காயப்போடும் களத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். உடம்பில் ஒரு தீப்புள்ளி பட்டதில்லை. ஓய்வு பெற்று விருதுநகருக்கு வந்த ஏழாம் மாதம், மனைவிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று சோறு வடிக்கப் போய், கொதிக்கிற கஞ்சியை இடது பாதத்தில் ஊற்றிக்கொண்டேன். கம்பெனி ஆட்கள் பதினொரு பேர் பார்க்க வந்தார்கள். சிரிப்பை அடக்கியவர்கள் இரண்டு பேர்.

புண் ஆழமாகிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இடது தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்து, வலை மாதிரி துளையிட்டு, பாதத்தின் மேல் விரித்துப் பதித்தார்கள். பிடித்து வைக்கப் பத்தொன்பது ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தாலும் காது நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு 'டக்'கையும் எண்ணினேன்.

“தோல் பிடிச்சிட்டா நடக்கலாம். பிடிக்கலைன்னா வலது தொடையில எடுத்து மறுபடியும் வைக்கணும்” என்றார் டாக்டர்.

எனக்கு அதுதான் கிலி. புண்ணைவிடத் தோல் எடுத்த இடம்தான் அதிகம் எரிந்தது. இருக்கிற ஒரு நல்ல தொடையையும் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஒட்டுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. பிடித்துவிட்டது என்றார்கள். பின்களையும் எடுத்தார்கள், பத்தொன்பதும் தட்டில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் காலை மடக்கினேன். பிறகு ஊருக்கு வந்து, வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றினேன். ஏழாவது கட்டு மாற்றும்போது, கணுக்கால் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மட்டும் ஈரம் மிச்சமிருந்தது.

“இது ஈரத்தோடதான் ஆறும்யா. கட்டைப் பிரிக்காதீக. வெயில் படவே கூடாது. நாளன்னைக்கு வாங்க” என்றாள் நர்ஸ்.

ஈரத்தோடு ஆறுமா? எங்கள் தொழிலில் ஈரத்தைப்போல எதிரி கிடையாது. திரியானாலும் குழாயானாலும் வெயில் குடித்தால்தான் சரக்கு. மேகம் திரண்டால் கையில் இருக்கிற டீயை வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அன்று சாயங்காலம் வந்த பழைய கூட்டாளியும் அதையே சொன்னான்.

“ஏலே, ஈரத்தை மூடி வச்சா புழுங்கிப் போகாதா? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அரைமணி வெயில் காட்டு.”

என் காது கேட்க ஆசைப்பட்டதை அவன் சொன்னான்.

மறுநாள் மொட்டை மாடியில் கட்டைப் பிரித்து, காலை ஒரு முக்காலியில் நீட்டினேன். பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்தேன். பத்து நிமிஷம் நேராக, பத்து நிமிஷம் இடப்பக்கம், பத்து நிமிஷம் வலப்பக்கம். களத்தில் தட்டுகளைத் திருப்புகிற அதே கணக்கு. கிளினிக்குக்குப் போகாமல் நாலு நாள் இப்படியே செய்தேன்.

“என்ன, கூழ்வத்தலா போட்டிருக்கீக? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காக்கா கொத்திரப் போகுது” என்றாள் மனைவி.

நாலாம் நாள் ஈரம் போய்விட்டது. கூடவே நிறமும் போய்விட்டது. தோல் பழுப்பாகி, அப்பளம் மாதிரி விறைத்து, ஓரத்தில் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. விரலை மடக்கினால் மூன்றாவது வெடிப்பும் வரும்போல் இருந்தது.

கிளினிக்கில் நர்ஸ் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“என்னய்யா செஞ்சீக?”

“லேசா வெயில் காட்டினேன், தாயி.”

“எம்புட்டு நேரம்?”

“நாலு நாளும் சேத்து ரெண்டு மணி.”

“கருவாடு போடுறவக கூட இம்புட்டு சரியாக் கணக்குச் சொல்ல மாட்டாக” என்றாள். உடன் வந்திருந்த மனைவி சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

உப்புநீரில் நனைத்த துணியைப் பாதத்தின் மேல் போட்டாள். இருபது நிமிஷம் ஊறியது. மின்விசிறி சுற்றுவதை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு அவள் இடுக்கியால் பழுப்பு ஏட்டை நுனியில் பிடித்து மெல்ல உரித்தாள். ஈரப்புண் இரண்டு காசு அகலமாகியிருந்தது. சுற்றிலும் வெளிறிப்போன தோல்.

அதன் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் வெள்ளையாகி, உடனே சிவந்தது.

“ரத்தம் ஓடுது. மேல் ஏடுதான் போயிருக்கு, தோலு உசிரோட இருக்கு. மதுரை டாக்டரும் பாக்கட்டும், ஆனா மறு ஆபரேஷன் வேண்டியிருக்காது. இன்னும் ஒம்பது கட்டாவது ஆகும். அம்புட்டையும் நான்தான் பிரிப்பேன்.”

“இன்னொரு தரம் அழுத்து, தாயி.”

“இதென்ன, காலிங் பெல்லா?”

ஆனாலும் அழுத்தினாள். மனைவியும் குனிந்து பார்த்தாள். வெளுத்தது. ஒன்று, இரண்டு என்று நான் எண்ணி முடிப்பதற்குள் சிவந்துவிட்டது. வேட்டிக்கு மேலாக வலது தொடையை ஒருமுறை தடவிக்கொடுத்தேன்.