ஐந்து வீட்டுக்கு ஒரு குறுந்தகடு

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஐந்து வீடுகள் சேர்ந்துதான் புத்தகம் வாங்குவோம். அட்டைக்குள் ஒரு சீட்டு ஒட்டி ஐந்து வீட்டு எண்களையும் எழுதுவோம். படித்து முடித்தவர் தன் எண்ணை அடித்துவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். படிக்காமல் அடிப்பது கேவலம்.

ஒரு வருடம் புத்தகக் கண்காட்சியில் ஒரு நாவலைக் குறுந்தகடாக வாங்கினோம். கடைசி வீட்டு அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட நாவல். முதல் எண் என்னுடையது என்பதால் முதலில் என் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். உள்ளே வந்தாயிற்று, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று என் எண்ணை அடித்து அனுப்பிவிட்டேன். அடுத்த வீட்டில் அது திறக்கவில்லை. விற்றவருக்குப் போன் போட்டேன்.

“மொதல்ல எதுல ஏத்துனீங்களோ அதுலதாங்க தெறக்கும். வேற மிஷினுக்கு வேற சிடி வாங்கணும்.”

“ஒரு புஸ்தகத்த அஞ்சு வூட்ல படிக்கிறது தப்புன்னா, ஊர்ல இருக்கிற லைப்ரரிக்கெல்லாம் பூட்டு போட்டுட்டு அப்புறம் எங்கிட்ட வாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூன்று வீட்டார் என் வீட்டுக்கு வந்து படித்துக்கொண்டார்கள். அக்காவால் வர முடியாது. படுக்கையில் கிடந்த மாமியாரை விட்டு அவர் நகர முடியாது. வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை, மகன் புதிது வாங்கியதும் விட்டுப்போன உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றுதான் இருந்தது. அவர் கணவர் மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆகும் மாதம் அது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருவதிகைக்குப் போகிறார்கள்.

“வுடும்மா, எனக்குக் குடுத்து வைக்கல” என்றார் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டவருக்கு மட்டும் இல்லை என்றால் என்ன நியாயம் இது?

மறுநாளே உட்கார்ந்தேன். திரையில் தெரியும் பக்கத்தை அப்படியே படமாகப் பிடிக்க விசைப்பலகையில் ஒரு பொத்தான் உண்டு. பிடித்து, அக்காவின் சின்னத் திரைக்கு ஏற்றபடி பாதிப் பாதியாக வெட்டி, எண் போட்டுச் சேமித்தேன். படம் எந்தக் கருவியிலும் திறக்கும், அதற்கு எவன் பூட்டும் கிடையாது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். குழம்பு இரண்டு முறை அடிபிடித்தது. இது தப்பில்லையா என்று கேட்ட என் கணவரிடம், “கேஸ் போட்டா போடட்டும், நானே போய் நிக்கிறேன்” என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

அவர்கள் சாமான் ஏற்றிய அன்று காலை அந்தச் சின்னக் கணினியில் போடும் மெமரி கார்டையும், குறுந்தகட்டு உறையிலிருந்து பிரித்த எண் சீட்டையும் அக்கா கையில் வைத்தேன்.

“இத்தினியும் படிச்சிகினே வெட்னியா?”

“எங்க படிச்சேன்க்கா, ஒரு வரி மனசுல நிக்கல. கோடு சரியா வெட்டியிருக்கான்னுதான் பாத்தேன்.”

அக்கா சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. உள்ளே கார்டும் அதே சீட்டும். அக்காவின் எண் அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே திருவதிகை வீட்டு எண்கள் ஆறு, ஆறும் அடிக்கப்பட்டிருந்தன. அந்தச் சின்னக் கணினி ஒரு தெருவையே சுற்றி வந்திருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்தில் மறுபடியும் என் வீட்டு எண். அது மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது.

அன்று மதியம் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.