சேற்றில் சொன்ன நாவல்

சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்த வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெருக்காரர்கள் மறியல். பஸ் இல்லை, கல்லூரியும் மூடிக்கிடந்தது. நூலகத்தில் எடுத்த ஒரு நாவலோடு வீட்டுக்கு வந்தவள், அம்மாவுடன் நடவுக்குப் போனேன்.

அம்மாவின் வலது கட்டைவிரல் உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. நாற்று பிடிபடாமல் இடம் விட்டுவிட்டுப் போகும். பக்கத்தில் நடும் ஊர்த்தெரு அக்கா, பேச்சில்லாமல் அந்த இடங்களிலும் ஊன்றிவிடுவாள். அதனால்தான் அம்மாவுக்கு வேலை நிலைத்தது. அந்த மாசம் அவள் தெருவில் சொல்லிவிட்டார்கள், எங்கள் காலனி ஆளோடு ஒரே வரிசையில் இறங்கக் கூடாதென்று. அவளைப் பிடித்துவைக்க என்னிடம் இருந்தது அந்த நாவலின் கதை மட்டும்.

சொன்னேன். புருஷன் விட்டுப்போன ஒருத்தி தரிசுக் கரம்பைத் தனியாகக் கொத்திக் கம்பு விதைக்கிறாள். மழை பொய்க்கிறது. மறுபடி விதைக்கிறாள். கல்வராயன் மலைமேல் மேகம் கூடும், கலையும். நான் கதையை இழுப்பேன். முடிந்துபோனால் அக்காவும் போய்விடுவாளே.

ஒருநாள் அக்கா கேட்டாள். "அவ இன்னா ஆளுங்கடி?"

நாவலில் அவள் சாதி இல்லை. "உங்க ஆளுங்கதாங்க்கா" என்றேன் சட்டென்று.

அவள் சிரித்துவிட்டாள். "போடி இவளே. கெணத்தாண்ட கொடத்த வெச்சிக்கினு, யாராச்சும் மொண்டு ஊத்துவாங்களான்னு நின்னான்னு நேத்து நீதான சொன்ன? எங்க பொம்பள எவ அப்டி நிப்பா?"

அம்மா குனிந்தபடியே இருந்தாள். படித்த எனக்கு அந்த வரி உறைக்கவே இல்லை. காத்து நிற்பது எங்களுக்கு அவ்வளவு பழக்கம்.

மறுநாள் அக்கா தெரு சொன்னபடி எங்கள் வரிசையை விட்டு எதிர் வரப்பில் இறங்கினாள். அம்மாவின் பக்கம் ஓட்டை ஓட்டையாய்த் தண்ணீர் தெரிந்தது. நடவுக்கு ஆள் சேர்க்கிறவர் வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுகிறவர்கள் பின்னோக்கித்தானே நகர்வார்கள். மதியத்துக்குள் வயல் நடுவில் இருவர் முதுகும் இடித்துக்கொண்டன.

அக்கா நிமிர்ந்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு வந்து, விட்ட இடங்களில் நாற்றை ஊன்ற ஆரம்பித்தாள்.

"தெருவுல கேட்டா இன்னாங்க சொல்லுவீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ஒரே வரிசையிலயா நட்டேன்? எதிர்லருந்துதான வந்தேன். கேக்கச் சொல்லு."

நடவு முடியும்வரை அப்படியே நடந்தது. அம்மாவின் வேலை போகவில்லை. அதை ஒற்றுமை என்று எழுத இன்றைக்கும் கை வரவில்லை. கடைசி நாள்வரை அக்கா எதிர் வரப்பில்தான் இறங்கினாள்.