சுவர் தந்த வெளிச்சம்

என் சித்திக்கு மருந்துக்கடையில் வேலை. மத்தியானம் போனால் கடை சாத்திய பிறகுதான் வருவாள். காலை வேளை மட்டும் அவளுடையது. கிழக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் மண்கூஜா, நாலைந்து வெங்காயம், ஒரு பச்சை பாட்டில். அவற்றை வரைந்து அலுத்தால் ஜன்னலுக்கு வெளியே இருந்த காலி மனையை வரைவாள். தெருவில் அவளுக்குப் பெயரே 'ஜன்னலக்கா'.

கறுப்பு வண்ணம் அவள் வாங்கியதே இல்லை. நிழலுக்குள்ளும் நிறம் இருக்கிறது என்பாள். நீலத்தையும் செம்பழுப்பையும் குழைத்துத்தான் நிழல் தீட்டுவாள். வெயில் நகர்ந்துவிட்டால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள். மறுநாள் அதே வெளிச்சம் வரும்வரை அந்தப் படத்தைத் தொடமாட்டாள்.

சித்தப்பா பஸ் ஓட்டுகிறவர். "வெங்காயத்தை எடுத்துக்கட்டுமா? அடுப்புல எண்ணெய் காயுது" என்று வந்து நிற்பார்.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி! நான் வரையறது வெங்காயத்தை இல்ல, அதுமேல விழற வெயிலை."

"அப்ப வெயிலை நீ வச்சுக்கோ, வெங்காயத்தை எனக்குக் குடு."

அந்தக் காலி மனையில் மாடிவீடு எழும்பியது. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் செங்கல் சுவர். காலையிலும் அறை இருண்டு கிடந்தது. சித்தப்பா பதறிப்போய் இரண்டு ட்யூப் லைட் மாட்டிக் கொடுத்தார். சித்தி அவர் மனம் நோகாமல் சொன்னாள்: "இதுல நல்லாக் கண்ணு தெரியுதுங்க. ஆனா எல்லாத்து மேலயும் ஒரே மாதிரி விழுது. வரைய ஒண்ணும் இல்ல."

வண்ணங்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். சமையலுக்கு வெங்காயம் தாராளமாகக் கிடைத்தது. சித்தப்பாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் கடைக்கு விடுமுறை. மத்தியானம் படுத்து எழுந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மேற்கே சாய்ந்த வெயில் சித்தி வீட்டுக் கூரையைத் தாண்டி எதிர்ச்சுவரில் அடித்து, செங்கல்லின் சிவப்பையும் வாரிக்கொண்டு ஜன்னல் வழியே திரும்பி வந்திருந்தது. கூஜாவின் நிழல் பக்கம் தணல்போல் கனிந்திருந்தது.

"இங்க வாங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சித்தப்பா சவரம் பாதியில், முகமெல்லாம் நுரையோடு ஓடிவந்தார்.

மறுநாளே முதலாளியிடம் சண்டை பிடித்து வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டாள். படம் பாதியில் இருந்தபோது சுவர் பூச ஆட்கள் வந்துவிட்டார்கள். சித்தி கலைந்த தலையோடு போய்க் கொத்தனாரைப் பிடித்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கத்தை மட்டும் கடைசியாப் பூசுங்களேன்."

"ஏம்மா, மொட்டைச் சுவரைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு வேண்டுதலா?"

அவள் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் அதையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். "வெங்காயத்துக்குக் கீழ சிவப்பா இருக்கே, அது நம்ம செங்கல்லா?"

"அதேதான்."

"சரி, முன்பக்கத்தை முதல்ல முடிக்கிறோம். சீக்கிரம் வரைஞ்சுடுங்க."

படம் முடிந்தது. சுவரில் சிமெண்ட் ஏறியபோது சித்தி சோர்ந்துபோகவில்லை. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அதே கூஜாவை மறுபடி வரைந்தாள். வெளிர்மஞ்சள் அடித்த பிறகு இன்னொன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு கூஜா என்று நினைக்கத் தோன்றும்.

கொத்தனார் சொல்லித்தான் அந்த வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தன் வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஜன்னலை மறைச்சிட்டோம். எங்க மொட்டைமாடிக்கு எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார்.

இப்போது லீவு நாட்களில் சித்தி அங்கேதான். தூரத்து மரங்களை நீலமாகவும், கிட்டத்துக் கூரைகளைச் சுடச்சுடவும் தீட்டுகிறாள். போன வாரம் நான் போனபோது மழை கறுத்துக்கொண்டு வந்தது. மேகத்தின் கிழிசல் வழியாக ஒற்றைக் கீற்று வெயில் ஒரு கூரைமேல் மட்டும் விழுந்தது. சித்தப்பா படம் வைக்கும் தாங்கியைத் தூக்கிக்கொண்டு, "நனையப்போறே, இறங்கு" என்று கத்தினார்.

"சித்த இருங்க" என்றாள் சித்தி, கண்ணைச் சுருக்கியபடி. "அது போயிட்டா நானே இறங்கிடறேன்."