ஒன்பது நிறுத்தங்கள்

வெள்ளிக்கிழமை. காலை 4.50: பர் துபாயிலிருந்து காரில் புறப்பாடு. 6.35: புஜைரா, மலையடிவாரம். 6.45: ஏற்றம் தொடக்கம். 8.40: உச்சி. 10.17: மீண்டும் அடிவாரம். மொத்தம் மூன்று மணி முப்பத்திரண்டு நிமிடம். அனுமதிக்கப்பட்டது மூன்று மணி நேரம். நிறுத்தங்கள்: ஒன்பது.

சுருக்கமாகச் சொன்னால், நான் ஃபெயில்.

பரீட்சை வைத்தவள் அபுதாபியில் வேலை பார்க்கும் என் மகள் நித்யா. பாடம், நியூசிலாந்தின் டொங்காரிரோ எரிமலைப் பகுதி. பிப்ரவரியில் அங்கே ஒரு பகல் நடை, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஒரு முனையில் பேருந்து இறக்கிவிடும். மலைக்கு மறுபுறம் இன்னொரு பேருந்து ஏற்றிக்கொள்ளும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால்? எரிமலையோடு பேசிக்கொண்டிருக்கலாம்... ஆகவேதான் அவளுடைய நிபந்தனை: புஜைரா மலையை மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்கினால் அனுமதி, இல்லையேல் பயணம் ரத்து.

இந்த வயதில் எரிமலை எதற்கு? நான் நிலவியல் படித்தவன். எண்ணெய்க்காகப் பாறைகளை ஆராய்ந்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். விடுமுறைதோறும் என் மனைவி வசந்தாவை ஏதாவதொரு மலைக்கு அழைத்துப்போய், அதன் வயதை விளக்குவேன்.

"எல்லாம் செத்த கல்லுதானே? உயிரோட இருக்கறது ஒண்ணு காட்டுங்களேன்," என்பாள்.

டொங்காரிரோவைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவள் காலமானாள். பயணத் திட்டத்தை நான் கைவிடவில்லை.

வெள்ளியன்று துணைக்கு வந்தவர் நண்பர் ராஜேந்திரன். புதுக்கோட்டைக்காரர், புஜைரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். உள்ளே ஆறு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், கழுத்தை மறைக்கும் தொப்பி.

"நியூசிலாந்துக்கும் இதுதானா சார்?"

"ஆமாம். அங்கேயும் வழியில் நிழல் கிடையாது."

"பனிக்காத்து அடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? இதென்ன, சைட்ல ஆகஸ்ட் மாச டூட்டிக்குப் போற மாதிரி..."

அவர் சொன்னது சரி. வளைகுடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கு இயற்கையில் ஒரே எதிரிதான், வெயில். எரிமலை உச்சிக்கான என் பட்டியலில் கையுறை என்ற சொல்லே இல்லை!

ஏறத் தொடங்கினோம். முதல் வளைவில் நின்றேன். இரண்டாவதிலும் நின்றேன். ஐந்தாவதில் ராஜேந்திரன் பொறுமை இழந்தார்.

"யல்லா, நடங்க சார். மூச்சு வாங்குதா?"

"இல்லை."

"கால் வலியா?"

"அதுவும் இல்லை."

"பெறகு யாருக்காக நிக்கிறோம்?"

நான் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தேன். ஆறாவது வளைவில் ராஜேந்திரன் எனக்கு முன்பே நின்று, குனிந்து, ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். அவர் அணிந்திருந்தது லேஸ் இல்லாத ஷூ.

வசந்தா மெதுவாக நடப்பவள். ஒவ்வொரு வளைவிலும் நான் காத்திருப்பேன். அவள் வந்து சேர்ந்ததும் மேலே நடப்போம். நாம் எதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம் என்பது மூளைக்குத் தெரிவதில்லை — முழங்காலுக்குத் தெரிந்திருக்கிறது.

மாலையில் நித்யா அழைத்தாள். என் கைக்கடிகாரத்தின் பதிவுகள் அனைத்தும் அவளுடைய போனுக்குப் போய்விடும்.

"அப்பா, நைன் ஸ்டாப்ஸ். எல்லாமே வளைவுல. ஹார்ட் ரேட் நார்மல். வாட் இஸ் திஸ்?"

பொய் சொல்வதற்கு வசதியான இடம். படம் எடுத்தேன் என்றால் முடிந்தது.

"பழக்கம்மா," என்றேன்.

அவள் கணக்குப் போட்டாள்.

"நின்ன டைமைக் கழிச்சா ரெண்டு அம்பத்தாறு. யூ பாஸ். பட், அங்கேயும் தனியா நடந்தா நிப்பீங்க. பஸ் போயிடும்."

"நிற்காமல் நடக்க முயல்கிறேன்."

"வேணாம்ப்பா. நானும் வர்றேன். நான் அம்மாவைவிட ஸ்லோ. நீங்க நின்னாதான் எனக்கு நல்லது."

"கடைசிப் பேருந்து?"

"காலைல ஃபர்ஸ்ட் பஸ்ல போய் சீக்கிரம் ஆரம்பிப்போம். அவ்வளவுதான், கலாஸ்."

செய்யாமல் மிச்சமிருப்பவை:

துபாய் மீனா பஜாரில் கையுறை தேடுவது. இரண்டு கடைக்காரர்கள் சிரித்தாயிற்று. மூன்றாமவரையும் பார்த்துவிட வேண்டும்.

நித்யா லீவுக்கு விண்ணப்பிப்பது.

அவளுக்கு மலையேறும் காலணி வாங்கி, இப்போதிருந்தே போட்டுப் பழக்குவது.

முன்பதிவுப் படிவத்தில் 'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் ஒன்று என்பதை அழித்துவிட்டு, இரண்டு என்று எழுதுவது.