மூன்றாவது மாடியில் குடியிருந்த அம்மா

இரண்டு வருடத்துக்கு முன்பு, கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் என் எலெக்ட்ரிகல் கடையில் உட்கார்ந்தபடியே ஜெர்மனியில் ஒரு வீடு பார்த்தேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அப்படித்தான்.

என் மனைவி நர்ஸ். லைப்சிக் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் வேலை. நானும் எங்கள் பெண்ணும் இங்கே ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பில். பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. நாங்கள் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் ஒரு வீடு வேண்டும். மனைவிக்கு இருந்ததோ விடுதியில் ஒற்றை அறை. வாடகைக்குக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும் 'அப்புறம் சொல்கிறோம்' என்றார்கள். அப்புறம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே ஃபிளாட் வாங்கத் தடை இல்லை, சம்பளத்தைக் காட்டினால் பேங்க் லோனும் கிடைக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். சரி, வாங்கியே விடலாம் என்று இறங்கினோம்.

பல வீடுகள் கைநழுவிப் போன பிறகு இது வந்தது. அன்று சாயங்காலம் போனை ஒரு பல்பு அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்து, நானும் பெண்ணும் வீடியோவில் பார்த்தோம். புரோக்கர் முன்னால் நடக்க, மனைவி போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஆனால் நல்ல வெளிச்சம். சமையலறைக்குள் போனபோது அங்கே ஒரு வயதான அம்மா மேஜையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கோப்பை. புரோக்கர் அவர் தலைக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார், மூடினார். குனிந்து குழாயைக் காட்டினார். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, அந்த ஆயா யாரு?" என்றாள் பெண்.

மனைவி புரோக்கரிடம் கேட்டுச் சொன்னாள். ரொம்ப வருடமாகக் குடியிருப்பவர். வாங்குகிறவர் தானே குடிவரப் போவதாக நோட்டீஸ் அனுப்பினால் போதும், சட்டம் கொடுக்கிற அவகாசம் முடிந்ததும் காலி செய்ய வேண்டியதுதான். "வழக்கமா நடக்கறதுதான்னு சொல்றாரு" என்றாள்.

எனக்கு அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனம் ஒட்டவில்லை. என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகும், கம்பெனி தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த அதே லைன் வீட்டில்தான் இருக்கிறோம். இன்றுவரை அது எங்கள் பெயரில் இல்லை. ஒருமுறை சிலர் வந்து வீட்டை அளந்தார்கள். என் அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் டேப்பை இழுத்தார்கள். எதற்கு என்று கேட்டோம், பதில் இல்லை. அளந்ததால் ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அன்று என் அம்மாவின் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது இந்த அம்மாவின் முகம்.

மறுநாள் மனைவியிடம், "அந்த வீடு வேணாம், விட்டுடு" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்க பேசறீங்க? பொண்ணு என் மூஞ்சிய போன்லதான் பாக்குது. இன்னும் எத்தினி நாளைக்கு? நான் இன்னா அவங்கள ரோட்லயா தள்றேன்?" என்று கேட்டு போனை வைத்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அப்புறம் சில நாள் பெண்ணோடு மட்டும்தான் பேசினாள்.

அந்த வாரக் கடைசியில் அவளே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு. புரோக்கரிடம் சொல்லாமல், ஒரு கேக் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் அந்த அம்மா வீட்டு மணியை அடித்திருக்கிறாள்.

"மொதல்ல கதவையே சரியா தொறக்கல. அப்புறம் உள்ள வரச் சொன்னாங்க. எத்தினியோ பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க, எங்கிட்ட ஒக்காந்து பேசனது நீதான்னாங்க. இன்னா தெரியுமா? அவங்களுக்கே அங்க இருக்க இஷ்டம் இல்லியாம். முட்டி வலி. கீழ எறங்கினா ஏற முடியல. ஆனா தனியா இருக்கற வயசானவங்கன்னு யாரும் வீடு தர மாட்டேங்கறாங்களாம். எனக்கும்தான் தரலன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

பாவம் பார்த்து வேண்டாம் என்று சொன்ன எனக்கும், வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அவளுக்கும், அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை.

வீட்டை வாங்கினோம். அங்கே நோட்டரி பத்திரத்தை முழுக்க உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நோட்டீஸ் அனுப்பவில்லை. வேறு வீடு கிடைக்கும்வரை அந்த அம்மா இருக்கட்டும் என்று அவரும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். கிடைக்காமலே போனால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பக்கத்துத் துணிக்கடைக்காரர் வேறு, "இன்னா சார், சொந்த வூடு வாங்கி வெளிய நிக்கறீங்களே" என்று தினமும் கேட்பார். சிரித்து மழுப்புவேன்.

குளிர்காலம் முழுக்க லீவு நாளில் மனைவியும் அந்த அம்மாவும் சேர்ந்து வீடு தேடினார்கள். போனில் பேசுவது அந்த அம்மா. அவர் ஜெர்மன் பேச்சைக் கேட்டால் எதிர்முனையில் யாரும் வைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடுவது, முன்னால் போய்ப் படி எத்தனை என்று பார்ப்பது மனைவி. ஒரு வீட்டில், "இவர் உங்களைக் கவனித்துக்கொள்ள வருகிறவரா?" என்று கேட்டார்களாம். "இல்லை, என் வீட்டு ஓனர்" என்றாராம் அந்த அம்மா. கேட்டவர் முகத்தை மனைவி நடித்துக் காட்டியபோது, கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

கடைசியில் அடுத்த தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு வந்தது. அங்கேயும் ஓனர் யோசித்தார். மனைவி நேராக அவரிடம், "நானும் ஓனர்தான். இவங்க வாடகைய ஒருமுறைகூட தள்ளிப் போட்டதில்ல. நான் இவங்கள அனுப்பல, இவங்க முட்டிதான் அனுப்புது" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பெயரைப் பார்த்து வீடு மறுக்கப்பட்டவள் சொன்ன சொல்லை நம்பி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு வீடு கிடைத்தது.

போன ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நானும் பெண்ணும் முதல்முறை போனோம். பெண்ணுக்குத் தமிழும் கன்னடமும் வரும், அந்த அம்மாவுக்கு ஜெர்மன் மட்டும். இருந்தும் இவள் தினமும் மதியம் அவர் வீட்டுக்கு ஓடிவிடுவாள். சீட்டு விளையாடத் தெரிந்தால் பாஷை எதற்கு? இவள் வர நேரமானால் அந்த அம்மா வாசல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

விசா வேலை முடிகிறது. இந்த வருடம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். புரோக்கர் சொன்னபடி செய்திருந்தாலும் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் யாரையும் தெரியாத ஊரில் எங்கள் பெண்ணுக்காகக் கதவைத் திறந்து காத்திருக்க ஒருவர் கிடைத்திருப்பாரா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.