புஷ்பலதாவின் பேட்ஜ்

பொன்னுவேலுக்கு அடுத்தவர் நன்றாக இருந்தால் வயிறு எரியும். அதை அவர் மறைத்ததும் இல்லை. ஏற்காடு பஜாரை ஒட்டி, டாக்டர் வெங்கடாசலம் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை பல வருஷமாக அவர் ராஜ்ஜியம். நோயாளியை மேசையில் படுக்க வைப்பார், அழுகிற குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்வார். பட்டனை அழுத்துவது மட்டும் டாக்டர். ஆனாலும் அவர் ஊரான கிளியூரில் பொன்னுவேலுக்குத்தான் எக்ஸ்ரேக்காரர் என்று பேர்.

அந்தப் பேரில் மண்ணைப் போட வந்தாள் புஷ்பலதா. மாரமங்கலத்துப் பெண், சேலத்தில் படித்த டெக்னீசியன். வந்த கொஞ்ச நாளில் அவள் பேர் அச்சடித்த ஒரு பேட்ஜ் வந்து சேர்ந்தது. வேலை செய்பவர் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள்.

"எனக்கு ஒண்ணு இல்லீங்களா சார்?"

"அது படிச்சு வேலைக்கு வந்தவங்களுக்குய்யா. கதிரைத் தடுக்க உனக்குத்தான் ஈய ஏப்ரன் இருக்குதே" என்றார் டாக்டர்.

ஏப்ரன்! யார் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் அந்தக் கனத்த சனியன். நேற்று வந்தவளுக்கு மார்பில் பேர், இத்தனை வருஷம் உழைத்தவனுக்குக் கழுத்தில் சுமை. பொன்னுவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பலதாவுக்கு லீவு. மலைக்குக் கூட்டம் ஏறுவதும் அன்றுதான். வளைவில் பைக்கோடு சறுக்கியவர்கள் வரிசையாக வருவார்கள், டாக்டரே படம் எடுப்பார். அப்படி ஒரு ஞாயிறு, புஷ்பலதாவின் கோட்டில் தொங்கிய பேட்ஜை எடுத்துப் பொன்னுவேல் தன் சட்டையில் மாட்டிக்கொண்டார். மேலே ஏப்ரனைப் போட்டதும் பேட்ஜ் மறைந்துவிட்டது. ஏப்ரன் மேலேயே மாட்டிப் பார்த்தார், அந்தத் தடிமனில் கிளிப் நிற்கவில்லை. யாருக்கும் தெரியாத பேட்ஜை வைத்து என்ன செய்ய? ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஒரு சென்னைக்காரர் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "சார், எலும்பு முறிஞ்சிருக்கா?" என்று கேட்டார். சார்! அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் விடவில்லை. அன்று பார்த்த வேலையெல்லாம் ஏப்ரன் இல்லாமல்தான். சாயங்காலம் பேட்ஜ் பழையபடி கோட்டுக்குப் போய்விடும். கூட்டத்தில் டாக்டருக்குக் கை ஓயவில்லை, கண் எங்கே போகும்?

மூன்று மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. புஷ்பலதாவின் பேட்ஜில் அளவுக்கு மீறிக் கதிர் பட்டிருக்கிறது. விசாரித்து முடிக்கும்வரை எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது என்று அவளை டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார் டாக்டர். பொன்னுவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடி விழுந்தது அவள் பேருக்கு, சிம்மாசனம் திரும்பியது தனக்கு. தன்னால்தான் என்பது தெரிந்தும் அன்று பஜாரில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் டாக்டர் அறையில் புஷ்பலதா அழுதுகொண்டிருந்தாள். அவள் சொல்வதைப் பொன்னுவேல் கதவோரம் நின்று ஆசையோடு ஒட்டுக்கேட்டார்.

"நான் செவுத்துக்குப் பின்னாடிதானுங்க சார் நிக்கிறேன். எப்பிடிங்க படும்?"

"அழாதம்மா. பேட்ஜ் சும்மா காட்டாது. இவ்வளவு பட்ட உடம்பை அப்படியே விட முடியாது, ரத்தம் எடுத்துப் பாத்தரலாம்."

இவ்வளவு பட்ட உடம்பு. பொன்னுவேல் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பேட்ஜில் ஏறினது அவள் பேருக்குப் போனது, சரி. உடம்பில் ஏறினது எங்கே போயிருக்கும்? அவர் வாயைத் திறக்காவிட்டால் அந்த ஊசி அவள் கைக்குத்தான் போகும்.

"சார், ரத்தம் எனக்கு எடுங்க சார். ஞாயித்துக்கெழம பூராவும் அதை நாந்தானுங்க போட்டிருந்தேன்."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். திட்டு வரும் என்று பொன்னுவேல் தலையைக் குனிந்தார். அதற்குள் புஷ்பலதா பதறிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, ஏப்ரன் போட்டிருந்தீங்கல்லங்ணா?"

"போட்டா பேட்ஜ் தெரியாதுல்ல, கண்ணு."

அவள் கண்ணில் மறுபடியும் தண்ணீர் கட்டியது, இந்த முறை அவருக்காக. தன்னைக் கெடுக்க இருந்தவனுக்காக அழ அவளால் முடிகிறதே என்று, அந்த நேரத்திலும் பொன்னுவேலுக்குப் பொறாமையாக இருந்தது.