முடிச்சுக் கயிற்றால் அளந்த கிணறு

என் பெரியம்மா மாயக்காள் எதையும் இரண்டு முறை அளப்பார். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் அப்படித்தான். அளந்த அரிசியைத் திரும்பச் சாக்கில் கொட்டிவிட்டு, மறுபடி அளந்துதான் உலையில் போடுவார். கடையில் கிழித்து வாங்கிய ரவிக்கைத் துணியை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை அளப்பார். சிறு வயதிலிருந்து நான் பார்த்து வருவது இது. பொறுமையில்லாமல் ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "மொதத் தடவ அவசரத்துல அளந்திருப்பேன்ல" என்றார். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் எங்களோடு ஆனையூருக்கு வந்துவிட்டார். தெருவிலிருந்த மூத்தோர் அறிவியல் மன்றத்தில் சேர்த்துவிட்டது நான்தான். பதினான்கு பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டியிருந்தது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். மஞ்சள்தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். சந்திர கிரகணம் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறி, மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற அலுவலர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர் பெரியம்மா மட்டும்தான். முதல் மூன்று கூட்டங்களில் டீ ஊற்றும் வேலை தானாகவே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

பிறகு மன்றம் கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கத் தீர்மானித்தது. சோழவந்தான் பக்கம் ஐந்து கிணறுகள். பஸ் ஏறி, வரப்பில் நடந்து போக வேறு யாருக்கும் முட்டி ஒத்துழைக்கவில்லை. பெரியம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். "நான் போறேன்" என்றார். அளவு டேப்பைக் கேட்டார். மன்றத் தலைவர் கிரிதரன் வங்கி மேலாளராக இருந்தவர். முதலில் வாங்கிய டேப் பஸ்ஸில் தொலைந்துபோனதால் இரண்டாவதை பீரோவில் பூட்டி வைத்திருந்தார். "இதும் வெளிய போனா திரும்பாது மாயக்காம்மா. கயித்துல முடிச்சுப் போட்டு அளங்க, போதும்" என்றார்.

என் அடிக்கோலை வைத்து, நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டார் பெரியம்மா. நுனியில் ஒரு கிலோ படிக்கல். நான்கு வருடம் மாதந்தோறும் போனார். ஒவ்வொரு கிணற்றிலும் கல் தண்ணீரைத் தொடும்வரை இரண்டு முறை கயிற்றை இறக்கினார். அவர் கொண்டுவந்த எண்களைக் கணினியில் ஏற்றியது நான். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள்.

அங்கே அவருக்குத் "தண்ணி அளக்குற அக்கா" என்று பெயராகியிருந்தது. பேயாண்டியும் அவர் தம்பி நல்லகாமனும் பொதுவில் வைத்திருந்த கிணறு அந்த ஐந்தில் ஒன்று. போன வருடம் நல்லகாமன், தண்ணீர் எட்டாமல் மோட்டார் காற்று வாங்குகிறது, கிணற்றை ஆழப்படுத்துவோம் என்றார். பேயாண்டி பெரியம்மாவிடம் கேட்டார். மூன்று வருட மே மாதக் கணக்குகளைப் பெரியம்மா படித்துக் காட்டினார். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு.

"தண்ணி எறங்கலப்பா. அப்படியேதான் நிக்குது."

"கேட்டுக்கடா! அம்புட்டும் கொழா அடியில இருக்குற ஃபுட்வால்வுக் கோளாறு" என்றார் பேயாண்டி தம்பியிடம். அந்த நம்பிக்கையில் இன்னும் பத்து சென்டில் வெற்றிலைக்கொடி வைத்தார். அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது.

இந்த மே மாதம் நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மூத்தோர் மன்றங்களுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பெரியம்மாவின் கணக்கை அவரே வாசிப்பதாக இருந்தது. புதுப் புடவைகூட எடுத்தாகிவிட்டது. வாசிக்கும்போது காட்ட ஒரு படம் வேண்டும் என்று கிரிதரன் பீரோவைத் திறந்து டேப்பை எடுத்துவந்தார். தரையில் கயிறு, பக்கத்தில் டேப். படமெடுக்கக் குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தாறாவது முடிச்சு டேப்பில் முப்பத்தொன்பது அடியில் கிடந்தது.

படிக்கல் தொங்கித் தொங்கி முடிச்சுகள் இறுகியிருந்தன. இறுக இறுகக் கயிறு நீண்டிருக்கிறது. முடிச்சுக் கணக்கு மாறாமல் இருந்த நான்கு வருடத்தில் தண்ணீர் மூன்றடி இறங்கியிருந்தது.

"என்னக்கா, நாலு வருசமா ரப்பர்க் கயித்துலயா அளந்தீக?" என்றார் பஸ் ஓட்டுநராக இருந்த சுருளி. சிலர் சிரித்தார்கள்.

பெரியம்மா உட்கார்ந்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

"விடுங்க, கிணத்துப் பகுதியவே எடுத்துருவோம். மஞ்சத்தூள வாசிப்போம்" என்றார் கிரிதரன்.

"எடுத்துரலாம் சார். பேயாண்டிகிட்ட யாரு சொல்றது?"

"அது நம்ம வேலையாம்மா?"

"நாந்தான சொன்னேன், எறங்கலன்னு. நானே போய்ச் சொல்றேன்."

எனக்குக் கோபமாக வந்தது. டேப்பைப் பூட்டி வைத்தவர் மேல், சிரித்தவர்கள் மேல். வீட்டுக்கு வந்தபின் என் மேலும். ஓர் அளவுகோலை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பது முதலாண்டு செய்முறை வகுப்புப் பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கயிற்றை மட்டும் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எதைச் சொல்லிக்கொள்கிறேன்?

சொல்கிறேன் என்ற பெரியம்மா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்து வைப்பார். பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது என்பார். அடுத்த ஞாயிறு யாராவது விருந்தாளி வருவதாக நினைவு வரும்.

"நான் போன்ல சொல்லிரவா பெரியம்மா?"

"வேணாம். நீ சொன்னா நான் ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி ஆகும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

"பொய் சொல்லியிருந்தாக்கூட போய் மன்னிப்புக் கேட்ருவேன் மீனா. அளக்கத் தெரியலன்னு எப்படிடி சொல்லுவேன்? அங்க என்னைய எல்லாரும் எந்திரிச்சு நின்னு கூப்புடுறாக."

ஜூன் கடைசியில் பேயாண்டியே போன் செய்தார். பெரியம்மா ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார்.

"யக்கா, ரெண்டு மாசமா அளக்க வரலியே? ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்லப்பா... வேல."

"இந்தத் தடவ தம்பிப் பயலப் பக்கத்துல நிறுத்தி வச்சு அளந்து சொல்லிப்புடுங்க. கெணறு தோண்டுற கிரேன் பக்கத்து ஊருக்கு வந்து நிக்குது. கூப்புடு கூப்புடுன்னு ஆள் விட்டு உசுர வாங்குறான். இங்கன அவுகளுக்கு ஆடி பொறக்குற வரைக்குந்தான் வேல, அப்பறம் கெளம்பிருவாக. அதுவரைக்கும் அவன் வாய அடைக்கணும்."

"பேயாண்டி..."

"சொல்லுங்கக்கா."

நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார் பெரியம்மா.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது. பேயாண்டியின் எண் என் போனிலும் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியவர் பெரியம்மாதான் என்று நினைப்பது மரியாதையா, எனக்கும் சொல்லப் பயமா, தெரியவில்லை. மூன்றடி தண்ணீர் இறங்கியது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். கிணற்றுக்காரருக்கு இன்னும் தெரியாது. ஆடி பிறக்க நான்கு நாள்தான் இருக்கிறது.